பேசும் ஏ.டி.எம்.: பார்வை குறைந்தாலும் ரகசிய எண் உங்களுடையதே

சொட்டு மருந்து, ஊசி, லேசர், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி இவ்விதழில் பலமுறை விளக்கியிருக்கிறோம். இம்முறை மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிகிச்சை முடிந்த பின்னும் சிலருக்குப் பார்வை முழுமையாகத் திரும்புவதில்லை. இழந்த பார்வை இழந்ததுதான் என்று உறுதியான நாளிலிருந்து அவர்களுடைய கேள்விகள் மாறிவிடுகின்றன. பேருந்து எண்ணை எப்படி அறிவது, மாத்திரைப் பட்டைகளை எப்படிப் பிரித்தறிவது, வங்கியில் இருக்கும் சொந்தப் பணத்தை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். இவற்றுள் கடைசிக் கேள்விக்கே இக்கட்டுரை விடை கூறுகிறது.

வாழவந்தி, நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலை ஊர்களில் இருந்து வருவோருக்கு, பணம் வழங்கும் இயந்திரம் இருக்குமிடத்தை அடைவதே ஒரு பயணம். அவ்வளவு தூரம் வந்த பிறகும், பார்வை குறைந்தவர்களில் பலர் இயந்திரத்தின் முன் நிற்பதில்லை. அட்டையையும் நான்கு இலக்க ரகசிய எண்ணையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்கிறார்கள். இதற்குப் பார்வைக் குறைவு ஒன்றே காரணமன்று. இயந்திரம் தம்மிடம் பேசும் என்பதைப் பலரும் அறியாதிருப்பதும் காரணமாகும்.

எந்த நோய் எதை மறைக்கிறது?

பார்வை இழப்பு எல்லோருக்கும் ஒரே வகையில் நேர்வதில்லை. ஆகவே இயந்திரத்தின் முன் ஒவ்வொருவரும் சந்திக்கும் இடர்ப்பாடும் வேறுபடுகிறது.

கண் நீர் அழுத்த நோயாகிய கிளாக்கோமாவில் பக்கப் பார்வை முதலில் சுருங்கும். திரையின் நடுவில் உள்ள எழுத்து தெரியும். அட்டை செருகும் துளையும் பணம் வரும் வாயும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவில் இதற்கு நேர்மாறாக நடக்கும். இயந்திரத்தின் உருவம் தெரியும், ஆனால் படிக்க முயலும் எழுத்தின் மீதே ஒரு கறை வந்து நிற்கும். நீரிழிவு விழித்திரை நோயில் பார்வை திட்டுத் திட்டாக விடுபடும். காலையில் தெரிந்தது மாலையில் தெரியாமலும் போகலாம். கண்புரை உள்ளவர்களுக்குத் திரையின் ஒளியும் அறையின் வெள்ளை விளக்கும் சேர்ந்து கூச்சத்தை உண்டாக்கி, எழுத்துகளைக் கரைத்துவிடும்.

கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பு, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையின்மைக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கண்புரையே காரணம் எனக் கண்டறிந்தது. எனவே இயந்திரத்தின் திரை தெரியவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. மீட்க முடிந்த பார்வையை மீட்டுவிட்டு, மீட்க முடியாததற்கு மாற்று வழி தேடுவதே முறையாகும்.

பிரெய்ல் மட்டும் போதாது

இயந்திரத்தின் எண் பொத்தான்களில் சிறு புள்ளிகளைப் பலர் தடவிப் பார்த்திருக்கக்கூடும். அவை பிரெய்ல் குறிகள். அவை இருப்பதால் பார்வையற்றோருக்கு வசதி செய்யப்பட்டுவிட்டது என்று பொதுமக்கள் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் இரண்டு காரணங்களால் தவறானது.

முதலாவதாக, சிறு வயதிலேயே பார்வையற்றோர் பள்ளியில் பயின்றவர்கள்தாம் பெரும்பாலும் பிரெய்ல் அறிந்திருப்பார்கள். எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் ஐம்பது, அறுபது வயதில் பார்வையை இழந்தவர்கள். அவர்களுக்குப் பிரெய்ல் தெரியாது. நெடுங்காலம் நீரிழிவு உள்ள சிலருக்கு விரல் நுனியின் தொடுவுணர்வும் மங்கியிருக்கும். இரண்டாவதாக, பிரெய்ல் தெரிந்தவருக்கும் அது பொத்தானின் பெயரை மட்டுமே கூறும். திரை என்ன கேட்கிறது, கணக்கு வகையைக் கேட்கிறதா, தொகையைக் கேட்கிறதா, பணம் இல்லை என்று மறுத்துவிட்டதா என்பதை அது கூறாது. திரை நொடிக்கு நொடி மாறுகிறது. பொத்தானில் பதித்த புள்ளிகள் மாறுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பக் குரல் ஒன்றால்தான் முடியும்.

குரல் வந்த கதை

உலகின் முதல் ஏ.டி.எம். 1967ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கியால் திறக்கப்பட்டது. அதனை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட் பேரன், நம் நாட்டின் ஷில்லாங் நகரில் பிறந்தவர். அவ்வியந்திரம் பேசக் கற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகள் பிடித்தன. கனடாவில் கிறிஸ் ஸ்டார்க், மேரி ஸ்டார்க் என்னும் பார்வையற்ற வாடிக்கையாளர் இருவர், தாங்களும் தனியாகப் பணம் எடுக்க வழி வேண்டும் என்று 1984 முதலே தங்கள் வங்கியிடம் வலியுறுத்தி வந்தனர். 1997 அக்டோபர் 22 அன்று ஒட்டாவா நகரில் ராயல் பேங்க் ஆஃப் கனடா முதல் பேசும் ஏ.டி.எம்.மை நிறுவியது.

இந்தியாவுக்கு ஏ.டி.எம். வந்தது 1987இல், மும்பையில். இங்கே முதல் பேசும் ஏ.டி.எம். 2012 ஜூன் 6 அன்று அகமதாபாத்தின் வஸ்த்ராபூரில் யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவால் தொடங்கப்பட்டது. நாமும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே விதிகள் மாறத் தொடங்கிவிட்டன. ஒரு காலத்தில் பார்வையற்றவர் வங்கிக்குச் சென்றால் காசோலைப் புத்தகமோ ஏ.டி.எம். அட்டையோ தர மறுக்கும் வழக்கம் இருந்தது. பார்வையற்றோர் சட்டப்படி ஒப்பந்தம் செய்யத் தகுதி உடையவர்களே என்பதன் அடிப்படையில், மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2005 செப்டம்பர் 5 அன்று ஆணை பிறப்பித்தார். அதைத் தொடர்ந்து இந்திய ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்று எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. காசோலை, ஏ.டி.எம்., இணைய வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், கடன், கடன் அட்டை ஆகிய எதையும் பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2009 ஏப்ரலில், புதிதாக நிறுவப்படும் ஏ.டி.எம்.களில் மூன்றில் ஒரு பங்கேனும் பிரெய்ல் பொத்தான்களுடன் பேசும் இயந்திரங்களாக இருக்க வேண்டும் என்றது. 2014 மே மாதச் சுற்றறிக்கை மேலும் ஒரு படி சென்றது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் அனைத்தும் அவ்வாறே இருக்க வேண்டும் என்றும், பழையவற்றை மாற்றுவதற்கு வங்கிகள் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், மங்கிய பார்வை உடையோருக்காகக் கிளைகளில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

ஆகவே, பேசும் இயந்திரத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வங்கி செய்ய வேண்டியதையே கேட்கிறீர்கள்.

இயந்திரத்தின் முன் எப்படிச் செயல்படுவது?

கைப்பேசிக்குப் பயன்படும் சாதாரண இயர்போன் ஒன்று போதும். அது வட்டமான, 3.5 மி.மீ. குத்தூசி முனை உடையதாக இருக்க வேண்டும். புதிய கைப்பேசிகளின் தட்டையான முனையோ, கம்பியில்லாப் புளூடூத் வகையோ பயன்படாது. வீட்டில் கிடக்கும் பழைய இயர்போனை எறிந்துவிடாதீர்கள்.

1. இயந்திரத்தின் முகப்பைக் கையால் மெல்லத் தடவி, இயர்போன் துளையைக் கண்டறியுங்கள். முதல் முறை உறவினர் ஒருவர் உங்கள் விரலை அத்துளையின் மீது வைத்துக் காட்டுவது நல்லது.

2. இயர்போனைச் செருகியவுடன் குரல் தொடங்கும். முதலில் இயந்திரத்தின் அமைப்பையும் பொத்தான்களின் இடத்தையும் அது விளக்கும். அவசரப்படாமல் முழுவதும் கேளுங்கள்.

3. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழ்க் குரல் எல்லா இயந்திரங்களிலும் இருக்கும் என எதிர்பார்க்க முடியாது. உங்கள் வங்கிக் கிளையில் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

4. திரையை இருளாக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் நிற்பவர் திரையைப் படிக்க முடியாது. உங்களுக்குக் குரல் தொடர்ந்து கேட்கும்.

5. ரகசிய எண்ணை அழுத்தும்போது ஒரு கையால் பொத்தான்களை மூடிக்கொள்ளுங்கள்.

6. பணம், அட்டை, சீட்டு ஆகியவற்றை எடுத்த பின்னரே இயர்போனைக் கழற்றுங்கள்.

எண் பொத்தான்களின் வரிசை பழைய பொத்தான் கைப்பேசியின் வரிசையே: மேல் வரிசையில் 1, 2, 3; அடியில் 0. கணக்குப் பார்க்கும் கால்குலேட்டரின் வரிசை இதற்குத் தலைகீழானது; அதில் பழகினால் தவறு நேரும். நடுவில் உள்ள 5ஆம் பொத்தானில் ஒரு சிறு மேடு இருக்கும். அந்த மேட்டை நடுவிரலால் உணர்ந்துவிட்டால் மற்ற எட்டு எண்களும் அதைச் சுற்றியே அமையும். 0 மட்டும் 8க்குக் கீழே இருக்கும். வலப்பக்கப் பொத்தான்களில் பச்சை நிறமுள்ளது உறுதி செய்வதற்கு. அதில் வட்டக் குறி புடைத்திருக்கும். சிவப்பு நிறமுள்ளது ரத்து செய்வதற்கு. அதில் பெருக்கல் குறி புடைத்திருக்கும். மஞ்சள் நிறமுள்ளது தவறாக அழுத்தியதைத் திருத்துவதற்கு. ஐயம் எழுந்தால் ரத்துப் பொத்தானை அழுத்துங்கள். இழப்பு ஒன்றும் இல்லை.

ரகசிய எண்ணை வீட்டில் பொத்தான் கைப்பேசி ஒன்றில் பத்து நாள் அழுத்திப் பழகினால், விரலே எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும். அழைப்புப் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம். பழகி முடித்ததும் திரையில் உள்ள எண்களை அழித்துவிடுங்கள்.

கையில் வந்த தாளை எப்படி அறிவது?

இப்போதைய ரூபாய்த் தாள்களில் 100, 200, 500 ஆகிய மூன்றும் 66 மி.மீ. அகலம் உடையவை. நீளம் மட்டும் முறையே 142, 146, 150 மி.மீ. என நான்கு நான்கு மில்லிமீட்டராக வேறுபடுகிறது. நான்கு மில்லிமீட்டரை வெறும் விரலால் உணர்வது எளிதன்று. ஆகவே 150 மி.மீ. நீளமுள்ள தடித்த அட்டை ஒன்றை வெட்டி, 142, 146 ஆகிய அளவுகளில் ஓரத்தில் சிறு வெட்டுக் குறிகள் இடச் சொல்லுங்கள். தாளை அட்டையின் ஒரு முனையோடு பொருத்தி நீட்டினால், மறு முனை எங்கே நிற்கிறது என்பதை விரல் கூறிவிடும்.

தாள்களில் தொட்டு உணரும் குறிகளும் உண்டு. 100 ரூபாயில் முக்கோணமும் ஓரங்களில் நான்கு சாய்கோடுகளும், 200 ரூபாயில் நான்கு கோடுகளும் அவற்றிடையே இரண்டு வட்டங்களும், 500 ரூபாயில் வட்டக் குறியும் ஐந்து கோடுகளும் சற்றே புடைத்து அச்சிடப்பட்டுள்ளன. புதிய தாளில் இவை தெளிவாகத் தெரியும். பல கை மாறிய தாளில் தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலி, தாளைப் படமெடுத்து அதன் மதிப்பைக் குரலில் சொல்லும். ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் பின்னர் இணையம் தேவையில்லை என்பதால், கைப்பேசி அலை சரியாகக் கிடைக்காத மலைப் பகுதிகளிலும் பயன்படும்.

அறிந்த பின் ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்து வையுங்கள். 500ஐ நீளவாக்கிலும், 200ஐ அகலவாக்கிலும் மடித்து, 100ஐ மடிக்காமல் வைப்பது ஒரு முறை. உங்களுக்கென ஒரு முறையை வகுத்து, அதை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

இப்பகுதியை நோயாளியை அழைத்து வருவோர் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம்.

நீரிழிவால் பார்வை குன்றிய மூதாட்டி ஒருவர், காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்தவர், எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு நாள் இவ்வாறு கூறினார்: “பேரன்தான் காசு எடுத்துத் தருவான். நல்ல பிள்ளைதான். ஆனா கணக்குல எவ்வளவு இருக்குன்னு கேட்டா, அவனைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்னு கேக்கறதில்லைங்க.” அவருடைய பேரன் தவறு எதுவும் செய்யவில்லை. ஆயினும் தம் பணம் எவ்வளவு என்று கேட்கவும் கூசும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். பார்வையோடு சேர்ந்து இழக்கப்படுவது இதுவே. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. குடும்பத்தாரின் நடத்தை ஒன்றே மருந்து.

ரகசிய எண்ணைப் பகிர்வதில் சட்டச் சிக்கலும் உண்டு. அட்டை மோசடியில் வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது. வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் அவரையே சாரும். அன்பினால் பகிர்ந்தாலும் விதி அதுவே.

உதவுவதற்கு வேறு வழிகள் உண்டு. இயந்திர அறை வரை துணையாகச் செல்லுங்கள். உள்ளே அவரே செயல்படட்டும். கூட்டம் குறைந்த பகல் வேளையைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டு முறை தாமதமாகும். பின்னால் நிற்போரிடம் பொறுமை கேட்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். “கொடுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று முன்வரும் அறியாதவரிடம் அட்டையை ஒருபோதும் தரக் கூடாது; அட்டையை மாற்றிக் கொடுத்து ஏமாற்றுவது பரவலாக நடப்பது. கைப்பேசியில் ஆண்ட்ராய்டின் டாக்பேக் அல்லது ஐபோனின் வாய்ஸ்ஓவர் வசதியை இயக்கிக் கொடுத்தால், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அது உரக்கப் படிக்கும். எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை அவர் யாரையும் கேட்காமல் அறிந்துகொள்வார்.

இயந்திரம் பேசவில்லை என்றால்

விதி இருப்பதாலேயே ஒவ்வோர் இயந்திரமும் பேசிவிடுவதில்லை. இயர்போன் துளை பழுதடைந்திருக்கலாம்; குரல் வசதி இயக்கப்படாமல் இருக்கலாம். அப்போது இயந்திரத்தின் இடத்தையும் நாளையும் குறித்து, உங்கள் வங்கிக் கிளையில் எழுத்துமூலம் முறையிடுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்னும் கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம்.

கணக்கில் பணம் கழிந்து, கையில் பணம் வராமல் போவதும் உண்டு. பார்வையற்றவர் அப்போது தாமே எங்கோ தவறவிட்டோம் என்று கலங்குவார். கலங்க வேண்டாம். அவ்வாறு கழிந்த தொகையைப் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிச் செலுத்த வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடும் தர வேண்டும். இது 2019 செப்டம்பரில் வகுக்கப்பட்ட விதி.

மலையை விட்டு இறங்கி வரவே இயலாதவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. எழுபது வயதைக் கடந்தோருக்கும், பார்வையின்மை உள்ளிட்ட மருத்துவச் சான்று பெற்ற குறைபாடு உடையோருக்கும் வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9 அன்று வங்கிகளை அறிவுறுத்தியது. உங்கள் வங்கியின் எந்தக் கிளை இதனை அளிக்கிறது, கட்டணம் உண்டா என்பதைக் கேட்டறியுங்கள். ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்துப் பணம் பெறுவோர், ஒவ்வொரு முறையும் தொகையை உரக்கச் சொல்லச் செய்து, குறுஞ்செய்தி வந்ததை உறுதி செய்த பின்னரே எழ வேண்டும். தோட்ட வேலையால் ரேகை தேய்ந்தவர்களுக்குச் சில வேளை இயந்திரம் ஏற்காது. மறுமுறை விரல் வைக்கச் சொன்னால், முதல் முறை பணம் கழியவில்லை என்பதைக் கேட்டுத் தெளிந்த பின் வையுங்கள்.

அடுத்த முறை வரும்போது

மருத்துவமனைக்கு அடுத்த முறை வரும்போது உங்கள் இயர்போனையும், மேலே கூறிய அளவு அட்டையையும் கொண்டு வாருங்கள். ரூபாய்த் தாள்களைப் பிரித்தறியவும், எண் பொத்தான்களில் பழகவும் எங்கள் பிரிவில் சொல்லித் தருவோம். உங்கள் ரகசிய எண்ணை எங்களிடமும் சொல்ல வேண்டாம். பழகுவதற்கு வேறு நான்கு எண்கள் போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் பெறாதவர்கள், அதற்குரிய பரிசோதனை பற்றியும் அன்றே கேட்டுக்கொள்ளலாம்.